வேனுக்கு இன்ஜின் வேலை

கண்ணு,

நாங்க நல்லா இருக்கோம். புது ஈகோ வேன் வாங்க முன்பணம்னு நீ போட்ட 50,000 வந்துச்சு. ஆனா ஈகோ வாங்கல. கோவிச்சுக்காம மேல படி.

நம்ம பழைய ஆம்னி வேன் ஒரு வருஷமாவே ஆயில் குடிக்குதுன்னு உனக்குத் தெரியும். போன வாரம் உடுமலையில இருந்து சமையல் பாத்திரத்தோட வர்றப்ப மேடு ஏறவே இல்ல. பின்னாடி நீலப்புகை, பைக்குல வர்றவங்க திட்டிக்கிட்டே போறாங்க. மெக்கானிக் தம்பி முன்சீட்டைத் தூக்கி, இன்ஜினோட மேல் மூடியான ஹெட்டைக் கழட்டி, சிலிண்டருக்குள்ள என் விரலை விடச் சொன்னான். மேல் விளிம்புகிட்ட நகம் இடறுது. அவ்வளவு தேய்மானம்.

கோவை உக்கடத்துல பழைய இன்ஜின் 18,000 சொன்னாங்க. இறக்கி ஏத்துற கூலி, கிளச் பிளேட், கேஸ்கெட், ஆயில்னு இன்னொரு 10,000. கடைக்காரர் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார், அதோட சரி. அப்புறம் இன்ஜின் நம்பர் வேற ஆயிடும், ஆர்.சி.யில மாத்தணும், அதுக்குப் பேப்பர் வேணும். பில் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார்!

ஹாஃப் இன்ஜின், அதாவது ஹெட் இல்லாத அடிப்பாதி, புதுசா வாங்கினா 50,000க்குக் குறையாதாம். ஆம்னியையே 2019ல நிறுத்திட்டாங்க. அதை விட்டுட்டேன்.

நம்ம பிளாக்கையே, அதாவது சிலிண்டர் இருக்கிற இன்ஜின் உடம்பையே, போர் பண்ணி உள்ள கடைஞ்சு பெருசாக்கலாம்னா, 2016லயே அரை மில்லிமீட்டர் பண்ணியாச்சு. அதுக்கு மேல பெருசு பண்ணினா போட பிஸ்டன் இல்லையாம். அதனால மூணு சிலிண்டருக்கும் ஸ்லீவ்னு உள்ள புதுக் குழாய் அடிச்சு, பழைய 68.5 எம்.எம்.முக்கே கொண்டு வர்றாங்க. பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு வேலை, லேத் கூலி எல்லாம் சேர்த்து 33,000. உக்கடத்தை விட 5,000 கூடத்தான். ஆனா இன்ஜின் நம்பர் பிளாக்லதானே இருக்கு, பிளாக் நம்மளுது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏற வேண்டாம்.

வண்டி 2008 மாடல், 2023ல ஆர்.சி. புதுப்பிச்சது 2028 வரைக்கும் இருக்கு. மாசம் நாலு கல்யாணச் சமையலை நம்பி அஞ்சு லட்சத்துக்கு மேல வண்டி வாங்கித் தவணை கட்ட எனக்குத் தெம்பில்ல கண்ணு.

மீதி 17,000 உன் கணக்குலயே போட்டுட்டேன். அதுக்கு அம்மா என்கூட ரெண்டு நாளா பேசல.

வெள்ளிக்கிழமை வண்டி வந்துடும். முதல் 1,000 கிலோமீட்டருக்கு வேகம் 50ஐத் தாண்டக் கூடாதாம். ஞாயித்துக்கிழமை முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னாடியே கிளம்பணும்.

அப்பா