செயலாளர் அறிக்கை 2025: பழைய டேப்புகள், புதிய சாம்பியன், கையிருப்பு 217 டாலர்

உறுப்பினர்களுக்கும், சந்தா கட்டாமலே சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்துவிடும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பென்சில்வேனியாவின் லீஹை பள்ளத்தாக்கில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களில் டிரம் கோர் (பித்தளை ஊதுகருவிகளும் முரசுகளுமாக மைதானத்தில் அணிவகுத்து வாசித்துப் போட்டியிடும் குழுக்கள்) பைத்தியம் பிடித்தவர்கள் சேர்ந்து நடத்தும் நம் சங்கத்தில் இந்த ஆண்டு 24 குடும்பங்கள். போன வருடம் 22. புதிதாகச் சேர்ந்த இரண்டு குடும்பங்களும் வழக்கமான பாதையில்தான் வந்தார்கள். மகன் உயர்நிலைப் பள்ளி மார்ச்சிங் பேண்டில் சேர்ந்தான், அப்பா மைதான ஓரத்தில் மரிம்பா என்ற பெரிய தட்டு வாத்தியத்தைத் தள்ளும் வேலைக்குப் போனார், யாரோ ஒருவர் "ஆகஸ்டில் ஆலன்டவுன் ஸ்டேடியத்துக்கு வந்து பாருங்கள்" என்றார். அவ்வளவுதான், ஆள் காலி. நம்மில் நான்கு பேர் மட்டும் பழைய வரிசை. எண்பதுகளில் மாணவராக இந்த நாட்டுக்கு வந்து, பொதுத் தொலைக்காட்சியில் தற்செயலாக ஃபைனல்ஸ், அதாவது இந்தக் குழுக்களின் ஆண்டு இறுதிப் போட்டி, பார்த்துச் சிக்கியவர்கள். இந்த இரு தரப்புக்கும் எந்த ஆண்டு நிகழ்ச்சி "கிளாசிக்" என்பதில் இதுவரை உடன்பாடு கிடையாது. இந்த அறிக்கையின் பெரும்பகுதி அந்தச் சண்டையைப் பற்றியதுதான்.

ஆறு கூட்டங்கள் திட்டமிட்டோம், ஐந்து நடந்தன. பிப்ரவரிக் கூட்டம் பனியில் போயிற்று.

மார்ச் கூட்டத்துக்கு நம் கௌரவ உறுப்பினரான பெரியவர், ஓய்வுபெற்ற அஞ்சல்காரர், தன் ஜி பியூகிளை, அதாவது ஜி சுருதியில் ஊதும் பித்தளைக் கொம்பை, கொண்டுவந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த குழுவில் ஊதியவர். இளையவர்களுக்கு அந்தக் கருவியே புதிது. இன்று மைதானத்தில் இருப்பவை சாதாரண டிரம்பெட், டியூபா வகைகள்தான். அன்றைக்கு எல்லாமே ஜி சுருதி பியூகிள். முதல் உலகப் போருக்குப் பிறகு முன்னாள் படைவீரர் சங்கங்கள் தொடங்கிய குழுக்கள் இவை, அதனால் பட்டாளத்துப் பியூகிளே மூலம். சுரம் மாற்ற அழுத்தும் வால்வுகளில் இரண்டாவதற்கு அனுமதி 1977-ல், மூன்றாவதற்கு 1990-ல். 2000-ல் ஜி சுருதி விதியையே எடுத்துவிட்டார்கள். 2004-ல் மைக், 2009-ல் சிந்தசைசர். பெரியவர் இந்தப் பட்டியலை ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்ன விதம், வீட்டில் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தவர்களைச் சொல்வது போல இருந்தது.

அப்புறம் அவர் ஊதிக் காட்டினார். நம் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஊதியிருக்க வேண்டியதில்லை. இரண்டு குழந்தைகள் அழுதன. ஆனால் டேப்பில் கேட்டு நாம் சிலாகிக்கும் அந்தக் கரகரத்த, கொஞ்சம் சுருதி தவறிய பித்தளைச் சத்தம் எப்படி வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சுருதி சேர்க்கக் கஷ்டமான கருவி அது. அறுபது, எழுபது பேர் அதை வைத்துக்கொண்டு ஒரே நேர்கோட்டில் நின்று கூட்டத்தைப் பார்த்து ஊதினால் நெஞ்சு அதிராமல் என்ன செய்யும்?

'டிக்' பற்றியும் சொன்னார். 1983 வரை நடுவர்கள் அட்டையும் பென்சிலுமாக மைதானத்துக்குள்ளேயே நடந்து வருவார்கள். ஒரு தப்புக்கு 0.1 புள்ளி கழியும். கால் மாறினால் ஒரு டிக், குச்சி தட்டினால் ஒரு டிக். "பென்சில் அசைகிறதா என்று ஓரக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஊதுவோம்" என்றார். பேயோன் ஊரின் பிரிட்ஜ்மென் குழு மஞ்சள் கோட்டும் அகலத் தொப்பியுமாக வந்து, மொத்தப் பேரும் மயங்கி விழுவது போல மைதானத்தில் சரிந்த காட்சிக்கு மக்கள் ஏன் அப்படி எழுந்து நின்று கத்தினார்கள் என்பதற்கு இதுதான் அவர் தரும் விளக்கம்: எல்லாரும் பென்சிலுக்குப் பயந்து விறைத்து நின்ற காலத்தில் ஒரு குழு வேண்டுமென்றே விழுந்தது.

மே மாதம் கேடட்ஸ் இரவு. இதை மகிழ்ச்சியாக நடத்த முடியவில்லை. 1934-ல் நியூ ஜெர்சியின் கார்ஃபீல்டில் ஒரு தேவாலயக் குழுவாகத் தொடங்கி, நடுவில் சில ஆண்டுகள் நம் ஆலன்டவுனையே தலைமையிடமாகக் கொண்டிருந்த குழு, தொண்ணூறாவது ஆண்டில், 2024-ல், மூடப்பட்டது. 1983, 84, 85 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்ற முதல் குழு அதுதான். அந்த 1983 டேப்பைப் போட்டோம். அதுவரை டிரம் கோர் நகர்வு என்றால் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் என்ன உண்டோ அதுவே அந்தப் பக்கமும் இருக்க வேண்டும். ஜார்ஜ் ஜிங்காலி வடிவமைத்த நகர்வில் சமச்சீர் என்பதே இல்லை. ஊதிக்கொண்டே ஓடுகிறார்கள். கோடு வளைகிறது, கிழிகிறது, வேறொரு இடத்தில் போய் ஒட்டுகிறது. பொருளாளர் அண்ணன் அதை மூன்று முறை திருப்பிப் போடச் சொன்னார். மூன்றாவது முறை யாரும் பேசவில்லை.

இங்கே என் சொந்தக் கருத்தையும் எழுதிவிடுகிறேன், ஆட்சேபணை இருந்தால் பொதுக்குழுவில் சொல்லலாம். "அந்தக் காலம் போல வருமா" என்று நாம் ஏங்குவது பெரும்பாலும் சத்தத்துக்காக. எனக்கு அதைவிட எண்ணிக்கைதான் உறுத்துகிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான குழுக்கள் இருந்தன. தேவாலயம், தீயணைப்பு நிலையம், படைவீரர் சங்கம் என்று பேட்டைக்கு ஒன்று. பள்ளி விட்டதும் நடந்தே போய்ச் சேரலாம். நம் பெரியவர் அப்படிச் சேர்ந்தவர்தான். சேர்ந்த அன்று அவருக்கு இசைக் குறிப்பு வாசிக்கவே தெரியாதாம். இன்று முதல்நிலைப் பிரிவில் இருபதை ஒட்டித்தான் குழுக்கள். ஒன்றில் இடம் பிடிக்க நாட்டின் மறுகோடிக்குப் பறந்துபோய்த் தேர்வில் ஊத வேண்டும், கிடைத்தால் பல குழுக்களில் ஒரு கோடைக்கு 5,000 டாலருக்கு மேல் கட்ட வேண்டும். இன்றைய பிள்ளைகள் ஊதுவதும் ஓடுவதும் அன்றைக்கு யாரும் கனவு கண்டிராத தரம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் குறிப்பு வாசிக்கத் தெரியாத அப்படி ஒரு பையனுக்கு இன்று அங்கே இடமில்லை.

ஜூலைக் கூட்டம்தான் இந்த ஆண்டின் பெரிய கூட்டம். தலைப்பு 1993. மிசிசிப்பியின் ஜாக்சனில் நடந்த ஃபைனல்ஸில் கேடட்ஸ் முதலிடம், ஸ்டார் ஆஃப் இண்டியானா இரண்டாமிடம். வித்தியாசம் 0.1. பழைய கணக்கில் ஒரே ஒரு டிக்.

ஸ்டார் ஆஃப் இண்டியானா என்பது புளூமிங்டனில் பில் குக் என்ற தொழிலதிபரின் பணத்தில் தொடங்கி, 1985-ல் முதன்முதலாக மைதானம் இறங்கி, 1991-லேயே சாம்பியன் ஆன குழு. பணக்கார வீட்டுப் பிள்ளை என்ற பொறாமை அப்போதே இருந்தது. 1993-ல் அவர்கள் எடுத்தது பார்பர், பார்டோக் இருவரின் இசை, மீடியா என்ற கிரேக்கத் தாயின் கதை. கைதட்ட இடமே கொடுக்காத ஷோ. ரசிகர் எதிர்பார்க்கும் அந்த நேர்கோடு, உச்ச சத்தம் எதுவும் வழக்கமான இடத்தில் வராது. வெறும் கையை அசைப்பார்கள், உடலை வளைப்பார்கள், சத்தம் அடங்கி நிற்கும். அந்தக் கோடையில் அந்தக் குழுவைப் பார்த்துக் கூச்சல் போட்டவர்களும் உண்டு.

நம் தலைவர் அன்று கூச்சல் போட்டவர்களின் கட்சி. அவரே ஒப்புக்கொள்கிறார். ஒரு நண்பர் பதிவு செய்து அனுப்பிய டேப்பைப் பார்த்து, "இது டிரம் கோரே இல்லை, கல்லூரி நாடகம்" என்று கடிதம் எழுதினாராம். முப்பத்திரண்டு ஆண்டு கழித்து ஜூலையில் அதே டேப் ஓடி முடிந்ததும் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர் அவர்தான். துடைத்துக்கொண்டே, "இப்படி இப்போது யார் செய்கிறார்கள்? இன்றைக்கு எல்லாம் மைக்கும் மேடையும்" என்றார். உடனே போன வருடம் சேர்ந்த உறுப்பினரின் மகள், வயது பதினாறு, கேட்டாள்: "அங்கிள், அப்போது இதைப் பார்த்து நீங்கள் சொன்னதைத்தானே இப்போது புளூகோட்ஸ் குழுவைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?"

கூட்டக் குறிப்பேட்டில் "சிரிப்பு" என்று மட்டும் பதிவு செய்திருக்கிறேன்.

தலைவர் விடவில்லை. ஸ்டார் குழு அந்த ஆண்டோடு போட்டியை விட்டு மேடைக்குப் போய், அங்கே வளர்ந்த நிகழ்ச்சி 2001-ல் பிராட்வே ஏறி டோனி விருதும் வாங்கியதைச் சொல்லி, "பார், நாடகம் என்று நான் சொன்னது தப்பா?" என்று சமாளித்தார். அந்தப் பெண்ணுக்குப் பிடித்த "பழைய" ஷோ எது தெரியுமா? 2008-ல் ராக்ஃபோர்டின் ஃபாண்டம் ரெஜிமெண்ட் செய்த ஸ்பார்ட்டகஸ். 98.125-க்கு 98.100 என்று 0.025 புள்ளியில் புளூ டெவில்ஸை முந்தி வென்றது. அவள் பிறந்ததே அதற்கு அடுத்த ஆண்டு. பிறப்பதற்கு முந்தைய ஒன்றுக்காக ஏங்க முடியுமா என்று நான் கேட்டேன். "நீங்கள் எம்.கே.டி. பாட்டு கேட்பதில்லையா?" என்று அவள் அப்பா திருப்பிக் கேட்டார். வாயை மூடிக்கொண்டேன்.

அதே கூட்டத்தில், மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் நம் உறுப்பினர் டிரம்லைன் பகுதியைத் தாளம் போட்டு, எங்கே ஐந்தாகவும் எங்கே ஏழாகவும் பிரிகிறது என்று சொல்கட்டில் சொல்லிக் காட்டினார். மணி பத்தைத் தாண்டியதால் பாதியில் நிறுத்தினோம். அவருக்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்குவதாக வாக்களித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆலன்டவுன், பதினெட்டுப் பேர் போனோம். புளியோதரை நன்றாக இருந்தது. அடுத்த வாரம் ஃபைனல்ஸுக்கு ஐந்து பேர் இண்டியானாபொலிஸ் போனார்கள், காரில் பத்து மணி நேரம். 2009-லிருந்து ஃபைனல்ஸ் அங்கேயே லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில்தான். கூரை மூடிய அரங்கில் எதிரொலி இரண்டு முறை கேட்கிறது என்ற புகாரை இந்த ஆண்டும் பதிவு செய்கிறேன். ஆனால் இந்த ஆண்டு புகாருக்கு நேரமில்லை. பாஸ்டன் குரூசேடர்ஸ் வென்றார்கள். 1940-ல் தொடங்கிய குழு, 1972-ல் விஸ்கான்சினின் ஒயிட்வாட்டரில் நடந்த முதல் ஃபைனல்ஸுக்கு முன்பிருந்தே இருக்கும் பெயர், முதல் பட்டம் 2025-ல். எண்பத்தைந்து வருடம். அறிவிப்பு வந்தபோது அரங்கில் நம் துணைச் செயலாளருக்குப் பக்கத்து இருக்கையில் அறுபது தாண்டிய ஒருவர், பழைய சிவப்பு ஜாக்கெட் போட்டவர், கத்தவே இல்லையாம். உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாராம். போய்வந்த துணைச் செயலாளர் ஷோவைப் பற்றிச் சொன்னதைவிட அவரைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம்.

அக்டோபர் கூட்டத்தைப் பற்றி எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. 1988, கான்சஸ் சிட்டி, மேடிசன் ஸ்கவுட்ஸ் 'மலகேன்யா' வாசித்துப் பட்டம் வாங்கிய ஃபைனல்ஸ். அன்றைய ஒளிபரப்பிலிருந்தே பதிவான டேப், உறுப்பினர் ஒருவருடைய சொத்து. வி.சி.ஆர். என்னுடையது. அதில் டேப்பைப் படிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்து வை என்று பொருளாளர் இரண்டு முறை நினைவூட்டினார், நான் செய்யவில்லை. சரியாக அந்த உச்ச இடத்துக்கு முன்னால், எல்லாரும் நாற்காலி நுனியில் இருக்கும்போது, இயந்திரம் டேப்பைத் தின்றுவிட்டது. ஒரு முழம் நாடா சுருண்டு வெளியே வந்தது. முழுத் தவறும் என்னுடையது. நஷ்ட ஈடாக ஒரு பிரதி தேடிக் கொடுக்கிறேன் என்றேன், ஆனால் அது லேசில்லை. இசை உரிமச் சிக்கலால் பழைய நிகழ்ச்சிகள் பல விற்பனையிலிருந்தே மறைந்துவிட்டன. பிற்பாடு வந்த சில ஒளித்தகடுகளிலோ நடுவில் ஒலியை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். அந்த இடங்களில் அத்தனை பேர் கன்னம் உப்ப ஊதுவதைச் சத்தமில்லாமல் பார்க்க வேண்டும்.

அதனால்தான் டேப்புகளை டிஜிட்டலுக்கு மாற்றும் வேலையை அவசரமாகத் தொடங்கினோம். 41 டேப்புகளில் 17 முடிந்தன. இரண்டில் ஃபைனல்ஸுக்கு மேலேயே யாரோ திருமண வரவேற்பைப் பதிவு செய்திருக்கிறார்கள். யார் என்று தெரியும், எழுதவில்லை. மாற்றிய பிரதிகள் நம் கூட்டங்களில் பார்க்க மட்டும். தயவுசெய்து யாரும் வெளியே பகிர வேண்டாம்.

வரவு செலவு: சென்ற ஆண்டு மீதி 212 டாலர், சந்தா 24 குடும்பங்களுக்கு 40 வீதம் 960. செலவில் டேப் மாற்ற 340, சாப்பாடு 415, உள்ளூர்ப் பள்ளி பேண்டுக்கு நன்கொடை 200, மொத்தம் 955. கையிருப்பு 217. ஒரு வருட உழைப்பில் ஐந்து டாலர் சம்பாதித்திருக்கிறோம் என்று பொருளாளர் பெருமையோடு தெரிவிக்கிறார்.

பெரியவருக்குக் கோடையில் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது, நலமாக இருக்கிறார். அவருக்கு மாறி மாறிச் சாப்பாடு கொண்டுபோன குடும்பங்களுக்குச் சங்கத்தின் நன்றி. ரசம் மட்டும் காரம் குறைத்து அனுப்பும்படி கேட்டுக்கொண்டார்.

செயலாளர் பதவிக்கு நான் மறுபடி நிற்கவில்லை. நிற்பவர் நல்ல நிலையில் ஒரு வி.சி.ஆர். வைத்திருந்தால் நல்லது. அடுத்த கூட்டம் ஜனவரி மூன்றாம் சனிக்கிழமை மாலை 5 மணி, 27-த் லான்சர்ஸ் என்ற பழைய குழுவுக்கான மாலை. 1986-க்குப் பிறகு கலைந்து, 1994-ல் பழையவர்கள் ஒன்றுகூடி பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஃபாக்ஸ்பரோவில் மறுபடி இறங்கினார்களே, அந்த டேப். சாம்பார் சாதம் எங்கள் வீட்டிலிருந்து வரும், தயிர் சாதத்துக்கு இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை.

செயலாளர்