திருப்பணி நிறைவு அறிக்கை: மூன்றடி ஏன், கூடுதல் பணம் எங்கே

உறுப்பினர்களுக்கு வணக்கம். கும்பாபிஷேகமும் மண்டலாபிஷேகமும் நல்லபடியாக முடிந்தன. விமான வண்ணம், மடப்பள்ளிக் கூரை, மின்வேலை எல்லாம் சொன்ன தொகைக்குள் முடிந்தன. வெள்ளம் உள்ளே வராமலிருக்கக் கோயிலை மூன்றடி உயர்த்தினோம், கருவறையை ஜாக்கி வைத்துத் தூக்கியதிலும் ஒரு விரிசல் இல்லை.

சரி, எல்லோரும் கேட்பதற்கு வருகிறேன். "கடல் வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர்தானே ஏறுது, அதுக்கு எதுக்கு மூணடி?" 2006 முதல் 2018 வரை உலக சராசரி அதுதான், மறுக்கவில்லை. ஆனால் நாம் இருப்பது அடையாற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில். ஓதம் ஏறியிருந்தால், அதாவது கடல்மட்டம் உயர்ந்திருக்கும் நேரத்தில், ஆற்றுத் தண்ணீரைக் கடல் வாங்காது, அது திரும்பி வடிகால் வழியாகத் தெருவுக்குள் ஏறும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எல்லோரும் பார்த்தோம். கடல் கொஞ்சம் உயர்ந்தாலும் அந்த வடியாத நேரம் நீளும். 2015 டிசம்பர் வெள்ளக் கறை பிராகாரச் சுவரில் இரண்டேகால் அடியில் இருந்தது. அதற்கு மேல் ஒரு சாண், முக்கால் அடி. கூட்டிப் பாருங்கள்.

முதல் ஒப்பந்தம் இரண்டடிக்குத்தான். மூன்றாக்கியது நாங்கள், அதற்கு ஒப்பந்தக்காரர் கூடுதல் கேட்டதில் தப்பில்லை. ஆனால் கிராவல் என்று பில் போட்டுவிட்டு ராத்திரியில் ரப்பீஸ், அதாவது கட்டட இடிபாடு, கொட்டினால்? பொருளாளர் காலையில் வந்து பார்க்கிறார், அம்மன் சந்நிதி முன்னால் உடைந்த கக்கூஸ் டைல்ஸ்! "மேல கல்லு போட்டா யாருக்கு சார் தெரியும்" என்றாராம் ஒப்பந்தக்காரர். தோண்டி எடுக்கச் சொன்னோம், ஆட்களோடு போய்விட்டார். அம்மன் பாலாலயத்தில் (தற்காலிகச் சந்நிதியில்) இருக்க, 40 நாள் வேலை நின்றது. அவ்வளவு முன்பணம் ஏன் கொடுத்தீர்கள் என்கிறீர்கள். தப்புதான், செக்கில் இருப்பது என் கையெழுத்து. வேறு மேஸ்திரி வைத்து முடித்ததில் 4 லட்சத்து 20 ஆயிரம் கூடிப்போனது.

கோயிலை உயர்த்திவிட்டீர்கள், தண்ணீர் எங்கள் வீட்டுக்குத்தானே வரும் என்று எதிர்வரிசைக்காரர்கள் கேட்டது நியாயம். அதனால்தான் பிராகார மழைநீரைக் கிணற்றுக்குத் திருப்பினோம். புயல் மழைக்கு அது போதாது என்பது எங்களுக்கும் தெரியும். வெளித் தண்ணீர் திரும்பி உள்ளே ஏறாமலிருக்கக் கோயில் வடிகாலில் ஒருவழி வால்வு, அது மூடியிருக்கும்போது உள்ளே பெய்வதை இறைக்க ஒரு மோட்டார்.

கொடுத்தவர்கள் பலர் பெயர் போட வேண்டாம் என்றார்கள். இஸ்திரிக்காரர், மருந்துக்கடைக்காரர், தினம் பத்து ரூபாய் சேர்த்த பூக்கார அக்கா, குப்பத்து மீன்காரப் பெண்கள், ஓய்வுபெற்ற தபால்காரர், துபாய்த் தம்பிகள், மோட்டார் வாங்கித் தந்த டீக்கடை அண்ணன், அப்புறம் 2015-க்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட நம் பழைய தெருக்காரர்கள். அவர்கள் இரண்டு பஸ் மாறி வந்து கொடுத்தார்கள், இங்கே கார் வைத்திருப்பவர்கள் சிலரிடம் நான் நாலு தடவை நடந்தேன்.

வால்வில் பிளாஸ்டிக் பை சிக்கினால் மூடாது. அமாவாசை, பௌர்ணமியில் ஓதம் அதிகம் என்பதால் முந்தின நாளே ஒருவர் இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டும். போன மாதம் நானும் பொருளாளரும் இறங்கினோம், எனக்கு 67 வயது. ஐப்பசிக்குள் இரண்டு இளைஞர்கள் பெயர் கொடுங்கள்.