சாயங்கால நடை: செங்கோட்டை அக்கா தங்கச்சிமார் கவனத்துக்கு

திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கீமோவுக்குப் போயிட்டு வர்ற எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: "தூங்கி எந்திரிச்சாலும் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு." இந்த அசதி படுத்தா மட்டும் தீராது. படுத்தே கிடந்தா தசை பலம் குறைஞ்சு இன்னும் கூடத்தான் செய்யும்.

வாரம் 3 நாள், 30 நிமிஷம், 12 வாரம் விடாம நடந்தா அசதி குறையும்னு அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டின நிபுணர் குழு 2019-ல சொல்லியிருக்கு. முதல் நாளே முப்பது வேண்டாம். தெருமுனை வரை 5 நிமிஷம் போதும். பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். (நம்ம குழுவுல பேச்சுக்கு என்ன குறை!)

காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டா நடை கிடையாது, உடனே ஆஸ்பத்திரி. தலைசுத்தல், நெஞ்சுவலி வந்தா நிறுத்திருங்க. ரத்த அணு குறைஞ்சவங்க, புற்றுநோய் எலும்புல பரவினவங்க டாக்டரைக் கேட்டுட்டு வாங்க. பாக்லிடாக்சல்ங்கிற கீமோ மருந்து ஏத்தினவங்களுக்குப் பாதம் மரத்துப்போகலாம். ரப்பர் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க.

திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் 5.30, பள்ளிக்கூட மைதானம். சாரல் அடிச்சா அவங்கவங்க வீட்டுத் திண்ணை. வர்றவங்க பேர் போடுங்க.