நாயை அனுப்பி வைத்த பெரியவருக்கு

ஜப்பானின் கோசென்ஜி என்னும் பௌத்த மடத்துப் பெரியவருக்கு வணக்கம்.

உங்கள் நாய் ஹயதரோவின் பழங்கதையைச் சொல்கிறவர்கள் நேராகச் சண்டைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு மனசு உங்களிடமே நின்றுவிடுகிறது.

ஷினானோ, அதாவது இன்றைய நாகானோ பகுதியின் மலையடிவாரத்தில், உங்கள் மடத்துத் தரைக்கு அடியில் ஒரு மலைநாய் குட்டி போட்டது. நீங்கள் விரட்டவில்லை, பார்த்துக்கொண்டீர்கள். கிளம்பும்போது அது ஒரு குட்டியை மட்டும் உங்களிடம் விட்டுப் போனது. அவன்தான் ஹயதரோ.

தெற்கே, இன்றைய இவாதா நகரத்து மிட்சுகே தென்ஜின் கோயிலில் வேறு கதை. ஆண்டுதோறும் திருவிழா நெருங்கும்போது ஏதோ ஒரு வீட்டுக் கூரையில் வெள்ளை இறகு வைத்த அம்பு குத்தி நிற்கும். அந்த வீட்டுப் பெண்ணைப் பெட்டிக்குள் வைத்துக் கோயிலில் விட்டுவிட்டு வர வேண்டும். பெற்றவர்கள் அந்த ராத்திரியை எப்படிக் கழித்திருப்பார்கள்! இச்சிஜித்சுபோ என்ற துறவி ஒளிந்திருந்து கேட்டார். இருட்டில் வந்த அரக்கன், ‘ஷினானோ ஹயதரோவுக்கு மட்டும் இது தெரியக் கூடாது’ என்று பாடிக்கொண்டிருந்தான்.

ஹயதரோ யாரோ பெரிய வீரன் என்று நினைத்து ஷினானோ முழுக்க அலைந்தவர், கடைசியில் உங்கள் வாசலில் ஒரு நாயைக் கண்டார். விஷயத்தைச் சொன்னார். நீங்கள் சரி என்றீர்கள். முன்பின் பார்த்திராத ஊர்ப் பெண்களுக்காக, குட்டியிலிருந்து வளர்த்தவனை அனுப்பினீர்கள். போகச் சொல்லும்போது அவன் தலையைத் தடவிக் கொடுத்திருப்பீர்கள் என்றே நான் நினைத்துக்கொள்கிறேன்.

பெண்ணுக்குப் பதிலாகப் பெட்டிக்குள் அவன் இருந்தான். விடிந்தபோது ஹிஹி என்னும் கிழட்டுக் குரங்கு அரக்கன் செத்துக் கிடந்தான்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. உடம்பெல்லாம் காயத்தோடு, அத்தனை மலைகளையும் தாண்டி அவன் உங்களிடமே திரும்பி வந்தான். உங்களைக் கண்டதும் ஒரே ஒரு முறை குரைத்தான். அதோடு உயிர் போய்விட்டது.

இவாதாவில் அவனைச் ஷிப்பேய் தாரோ என்கிறார்கள், தனிக் கோயிலே இருக்கிறது. கல்லறை உங்கள் மடத்தில், பிரதான மண்டபத்துக்குப் பக்கத்தில். இச்சிஜித்சுபோ அவனுக்காக மகாபிரக்ஞாபாரமிதை சூத்திரத்தை, 600 பகுதி உள்ள அந்தப் பெரிய பௌத்த நூலை, படியெடுத்துக் காணிக்கையாகக் கொடுத்தார் என்று சொல்கிறார்கள். அந்த ஏடுகளை உங்களுக்குப் பின் வந்தவர்கள் இன்னமும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், பெரியவரே.