'சடலமாக மீட்பு' என்ற தலைப்பு இனி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில், வெளிநாட்டுத் துப்பறியும் தொடர்கள் எங்கள் பிள்ளைகளுக்குக் கொலை செய்யக் கற்றுக்கொடுக்கின்றன என்று ஒருவர் எழுதியிருந்த கட்டுரையை வாசித்தேன். எந்தத் தொடரையும் அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அப்படியான ஒரு தொடரை ஏறக்குறைய முழுவதும் பார்த்தவள் நான். அதைப் பற்றியும், அதைப் பார்த்த பிறகு எங்கள் பத்திரிகைகளில் வரும் மரணச் செய்திகளை முன்போல வாசிக்க முடியாமல் போனதைப் பற்றியும் எழுதுகிறேன்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் இருபத்தாறு வருடம் கிராம அலுவலராக இருந்து ஓய்வு பெற்றேன். ஊரில் இன்றும் 'ஜீ.எஸ். அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். திருமணம் செய்யவில்லை, தம்பி குடும்பத்தோடு இருக்கிறேன். கிராம அலுவலர் என்றால் வதிவிடச் சான்றிதழ், வாக்காளர் இடாப்பு, நிவாரணப் பட்டியல் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஊரில் ஒரு திடீர் மரணம் நடந்தால் பொலிசுக்கு முன்பே எனக்கு ஆள் வந்துவிடும். யானை அடித்தவர், பாம்பு கடித்தவர், குளத்தில் மூழ்கிய பிள்ளை, உழவு இயந்திரம் புரண்டு அதற்குள் அகப்பட்டவர், நஞ்சு குடித்தவர் என்று எத்தனையோ பேரைப் பார்த்தேன். திடீர் மரண விசாரணை அதிகாரி வரும்வரை அந்த இடத்தில் நிற்க வேண்டும். இறந்தவர் இன்னார் என்று சொல்ல வேண்டும். பல வேளைகளில் அவருடைய வீட்டுக்குப் போய்ச் சொல்வதும் நான்தான். எப்படிச் சொல்வது என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

சரி, தொடருக்கு வருகிறேன். அதன் பெயர் 'வீரா'. இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் உள்ள நோர்தம்பர்லாந்து என்ற மாவட்டத்தில் நடக்கும் கதை. ஆன் கிளீவ்ஸ் என்ற பெண் எழுத்தாளர் 1999 முதல் எழுதிவரும் நாவல்களை வைத்து எடுத்தது. 2011 மே மாதம் ஐ.ரி.வி. என்ற பிரித்தானியத் தொலைக்காட்சியில் தொடங்கி, 14 பருவங்கள் ஓடி, 2025 ஜனவரியில் முடிந்தது. வீரா ஸ்ரான்ஹோப் என்ற பொலிஸ் அதிகாரியாக பிரெண்டா பிளெத்தின் நடிக்கிறார். தொடங்கும்போது அவருக்கு அறுபத்தைந்து வயது. கசங்கிய மழைக்கோட்டு, துணித் தொப்பி, பழைய லாண்ட் றோவர். கணவன் இல்லை, பிள்ளை இல்லை. அரிய பறவைகளின் முட்டைகளைத் திருடிச் சேர்த்த தகப்பன் விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறார். லண்டனில் இருக்கும் மருமகள் விடுமுறைக்கு வந்தபோது, "மாமி, இது உங்களைப்போல ஒரு ஆள்" என்று சொல்லித் தன் மடிக்கணினியில் போட்டுக் காட்டினாள். கீழே ஓடும் ஆங்கில எழுத்தை வாசித்து வாசித்துத்தான் பார்த்தேன். முதல் இரண்டு கதைகளில் பாதி விளங்கவில்லை. மூன்றாவதிலிருந்து, மருமகள் நித்திரைக்குப் போன பிறகும் நான் இருந்து பார்த்தேன்.

துப்பறியும் கதை எனக்குப் புதிதல்ல. சின்ன வயதில் எங்கள் ஊர் வாசிகசாலையில் தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகள் மட்டை இல்லாமல், முதல் பக்கம் இல்லாமல் கிடக்கும். சங்கர்லால் ஒரு கோப்பை தேநீர் குடித்தால் யோசனை வந்துவிடும், குற்றவாளி பிடிபட்டுவிடுவான். வீராவும் நிறையத் தேநீர் குடிக்கிறார். ஆனால் இறந்தவரின் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, அந்தத் தாயோடு சேர்ந்து குடிக்கிறார். அப்புறம் இறந்த பிள்ளையின் அறைக்குப் போகிறார். கட்டிலில் உட்காருகிறார். இலாச்சியைத் திறக்கிறார், புத்தகத்தை எடுத்துப் பார்க்கிறார், சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்க்கிறார். கொன்றது யார் என்ற கேள்வி பிறகுதான் வருகிறது. முதலில் இந்தப் பிள்ளை யார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு கதையிலும் அந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

மருமகள் திரும்பிப் போய் முதல் நாவலை அனுப்பினாள். காகம் பிடிக்கும் பொறி என்று பொருள்படும் தலைப்பு. கூட்டுக்குள் உயிருள்ள ஒரு காகத்தை விட்டு மற்றக் காகங்களை வரவைக்கும் பொறியாம். கவுதாரியைக் கூட்டில் வைத்துக் கவுதாரி பிடிப்பதைக் கண்ட எங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நான்கு மாதம் வாசித்தேன். கல் அகழப்போகும் ஒரு மலைப்பகுதியின் சுற்றுச்சூழலை ஆராய வந்து, தனித்த ஒரு வீட்டில் தங்கியிருக்கும் மூன்று பெண்களின் கதை அது. நாவலில் அந்த மூவருக்கும் தனித்தனிப் பகுதி. வீராவுக்கான பகுதி கடைசியில்தான். கொலையாகப்போகும் பெண்ணுக்கும் அந்த மூன்றில் ஒரு பகுதி இருக்கிறது. ஆகவே அவள் இறக்கும்போது, அதுவரை நாங்கள் கூடவே இருந்த ஒருத்தி இறக்கிறாள். தொலைக்காட்சியில் விளம்பரத்தோடு சேர்த்து இரண்டு மணித்தியாலத்துக்குள் கதையை முடிக்க வேண்டும், அந்தப் பொறுமை அங்கே குறைவு. நாவலில் வரும் வீரா இன்னும் பருமனான, இன்னும் அலங்கோலமான ஆள். ஆனாலும் அந்த அக்கறையைத் தொடர் விடவில்லை.

ஆன் கிளீவ்ஸ் ஒரு காலத்தில் நன்னடத்தை அலுவலராகவும் வேலை செய்தவர் என்று அறிந்தபோது எனக்கு விளங்கியது. வீடு வீடாகப் போன ஒருவருக்குத்தான் அடுப்படியில் எங்கே உட்காருவது என்று தெரியும். இந்த முதல் நாவலைத் தொலைக்காட்சிக்காரர் ஒருவர் தொண்டுக் கடையொன்றில் பழைய புத்தகமாக எடுத்து வாசித்துத்தான் தொடரே பிறந்ததாம். மட்டை இல்லாத புத்தகங்களை வாசித்து வளர்ந்தவள் என்பதால் அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்த ஊரும் எனக்கு அந்நியமாகப் படவில்லை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் அவ்வளவு வெளி. கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி மூடிவிடும் ஒரு வீதியைக் கடந்துதான் அங்கே ஒரு தீவுக்குப் போக வேண்டும். கிளீவ்ஸின் நாவல் ஒன்று பெரும்பாலும் அந்தத் தீவில் நடக்கிறது. மாரியில் முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓட, இந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளோடு காத்து நின்ற நாட்கள் எனக்கு நினைவு வந்தன.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். போர் முடிந்து மீள்குடியேறிய பிறகு, என் பிரிவில் ஒரு பிள்ளை கிணற்றில் விழுந்து இறந்தாள். பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தடவை எழுதக் காத்திருந்தவள். அன்றைக்கு விடிய ஆறு மணிக்கு முன்னமே என்னிடம் ஆள் வந்தது. நான் போனபோது தகப்பன் கிணற்றடியில் குந்தியிருந்தார். கிணற்றுக் கட்டு ஒரு பக்கம் முழுவதும் உடைந்திருந்தது; சண்டையில் உடைந்தது, திருத்தக் காசு இல்லை. வாளி தண்ணீருக்குள் கிடந்தது, கயிறு கப்பியில் இருந்தது. அடுத்த நாள் பத்திரிகைகளில் வந்தது: 'கிணற்றிலிருந்து யுவதி சடலமாக மீட்பு'. உள்ளே நான்கு வரி. அதில் ஒரு வரி, காதல் விவகாரம் காரணமாக இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படுவதாக. சந்தேகித்தது யார் என்று இல்லை. 'பல கோணங்களிலும் விசாரணைகள் முன்னெடுக்கப்பட்டு வருகின்றன' என்று முடிந்திருந்தது. ஒரு பத்திரிகை பிள்ளையின் அடையாள அட்டைப் படத்தையும் போட்டிருந்தது.

விசாரணை நடந்தது. நானும் சாட்சி சொன்னேன். சிறு வயதிலிருந்தே பிள்ளைக்கு வலிப்பு இருந்தது, கிளினிக் கொப்பி இருந்தது. சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும் வந்தது. தண்ணீர் அள்ளும்போது வலிப்பு வந்து, கட்டு இல்லாத பக்கமாக விழுந்து மூழ்கியதால் ஏற்பட்ட மரணம், விபத்து என்று தீர்ப்பு எழுதப்பட்டது. அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. பல கோணத்தில் ஒரு கோணத்தின் முடிவுகூட வரவில்லை. அந்தத் தாய் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். தங்கைக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் அந்தப் பத்திரிகைத் துண்டை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். நான் போய் நடந்ததைச் சொன்னேன். "அப்படியென்றால் பேப்பரில் ஏன் அப்படிப் போட்டவை?" என்று கேட்டார்கள். நான் இருபத்தாறு வருடம் கையெழுத்து வைத்த ஆள். என் சொல்லைவிட அந்த நான்கு வரிக்கு மதிப்பு இருந்தது.

'சடலமாக மீட்பு' என்ற சொல்லையே எடுத்துப் பாருங்கள். முதல் நாள் மாலை தங்கைக்குத் தலை பின்னிவிட்ட பிள்ளை அவள். கிணற்றிலிருந்து தூக்கியதும் அவளுடைய பெயர் போய் 'சடலம்' ஆகிவிட்டது. 'மீட்பு' என்ற சொல்லை நாங்கள் எதற்குப் பாவிப்போம்? அடகு வைத்த நகைக்குப் பாவிப்போம், உயிரோடு காப்பாற்றியவருக்குப் பாவிப்போம். 'கிணற்றில் தவறி விழுந்த மாணவி உயிரிழப்பு' என்று போட்டால் என்ன குறைந்துவிடும்? காரணம் தெரியாவிட்டால், தெரியவில்லை என்று எழுதுங்கள்.

எங்கள் நிருபர்களுக்கு ஒரு விடயத்தைத் தொடர்ந்து போய்ப் பார்க்கத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. 2023 ஜூன் மாதம் எங்கள் மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டிய இடத்தில் மனித எச்சங்கள் வெளிப்பட்டபோது, வெயிலில் நின்று, தோண்டிய நாட்களில் எல்லாம் எத்தனை எடுத்தார்கள், என்ன உடுப்போடு எடுத்தார்கள் என்று எழுதினார்கள். வாசித்துக்கொண்டு எத்தனை வீடுகளில் தாய்மார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போராடத் தொடங்கிய தாய்மாரையும் பத்திரிகைகள் விட்டுவிடவில்லை. என் பிள்ளைக்கு என்ன நடந்தது என்ற ஒரு கேள்விக்காக அவர்கள் இருந்தார்கள். பதிலைக் காணாமலே பலர் இறந்தும் போனார்கள். வீராவின் கதை முடியும்போது ஒரு தாயின் முன்னால் யாரோ வந்து உட்கார்ந்து, நடந்தது இதுதான் என்று சொல்கிறார்கள். கட்டுரை எழுதியவர் அதில் கொலையைக் கண்டார். நான் அதில், எங்கள் ஆட்களுக்குக் கிடைக்காத அந்த ஐந்து நிமிடத்தைக் கண்டேன். இரண்டு தடவை மடிக்கணினியை மூடிவிட்டு முற்றத்தில் போய் இருந்திருக்கிறேன்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிய விடயம் அல்ல. ஒரு திடீர் மரணத்தைச் செய்தியாக்கினால், மரண விசாரணை முடிந்ததும் தீர்ப்பையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். நீதிமன்றத்துக்கும் வைத்தியசாலைக்கும் உங்கள் நிருபர் எப்படியும் போகிறார். இன்னொரு தடவை கேட்டால் போதும். சந்தேகத்தை எழுதினால் சந்தேகித்தவர் யார் என்று எழுதுங்கள். அடையாள அட்டைப் படத்தை வீட்டாரைக் கேட்காமல் போடாதீர்கள். இடம் இருந்தால், அந்த ஆள் என்ன படித்தார், என்ன செய்தார், எதில் கெட்டிக்காரர் என்று ஒரு வரி சேருங்கள்.

அந்தப் பிள்ளையின் பெயரையும் திகதியையும் இந்தக் கடிதத்தில் நான் எழுதவில்லை. தனித் தாளில் எழுதி, விசாரணைத் தீர்ப்பின் பிரதியோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அன்று செய்தி போட்ட பத்திரிகைகளில் உங்களுடையதும் ஒன்று. தாயிடம் கேட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு வேண்டுமா என்று யோசித்துவிட்டு, "போடச் சொல்லுங்கோ அக்கா, அவள் கணக்கில் நல்ல கெட்டிக்காரி என்றும் போடச் சொல்லுங்கோ" என்றார். மூன்று வரி போதும். எந்த நாளில் வரும் என்று அறிவித்தால், காலை பஸ்ஸில் பத்திரிகை வந்ததும் நானே அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுநிலைக் கிராம அலுவலர்,
ஒட்டுசுட்டான்.
(அந்தக் குடும்பத்தை அடையாளம் காணக்கூடும் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.)