திங்கட்கிழமை சேருகிற பையனுக்கு அக்கவுன்ட் போடும்போது

மாட்டுங்கா, மும்பை
புதன் இரவு

அன்புள்ள கண்ணா,

போனில் நீ கேட்டதற்கு ரெண்டு வரியில் பதில் சொல்லி மாளாது, அதனால் எழுதுகிறேன். கோரமங்களா ஆபீஸில் மொத்தமே நாற்பது பேர், ஐடி என்று தனி ஆள் கிடையாது. திங்கட்கிழமை திருநெல்வேலிப் பையன் ஒருவன் சேர வருகிறான். அவனுக்கு மெயிலில் ஆரம்பித்து எல்லா அக்கவுன்ட்டும் போட்டுத் தருகிற வேலை உன் தலையில். எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்பதை நீயே தேடிப் பிடித்துவிடுவாய். காலை வாருவது ரெண்டு விஷயம்: பெயர், வரிசை.

பெயரை முதலில் எடுத்துக்கொள். அவன் சர்டிஃபிகேட்டில் ரா. முத்துக்குமார் என்று இருக்கிறதாக வைத்துக்கொள்வோம். எச்ஆர் சாஃப்ட்வேர் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று ரெண்டு கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். லாஸ்ட் நேமில் ஒற்றை எழுத்துப் போட்டால் சில சாஃப்ட்வேர் ஏற்காது. பான் கார்டு எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொல்வதால், அங்கே அப்பா பெயர் முழுசாக, அதுவும் லாஸ்ட் நேமாக ஏறியிருக்கும். அதைப் பார்த்து நீ மெயில் ஐடி போட்டால் பையன் ராமசாமி ஆகிவிடுவான். டெல்லியில் இருக்கிற கிளையன்ட் அடுத்த வாரமே “ராமசாமிஜி” என்று அவன் அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

ஆகவே மூன்று பெயரைத் தனித்தனியாக வை. சம்பளம், பிஎஃப் போகிற எச்ஆர் பதிவில் பான், ஆதாரில் உள்ளபடி. மெயிலிலும் சாட்டிலும் தெரிகிற டிஸ்ப்ளே நேம், அவனை எப்படிக் கூப்பிட வேண்டுமோ அப்படி. மெயில் ஐடி, அவன் சொல்கிற ஆங்கில எழுத்துக்கூட்டில். முத்துக்குமாரில் டி-க்குப் பிறகு எச் உண்டா, கே ஒன்றா ரெண்டா என்று நீயாக ஊகிக்காதே. நாளைக்கே வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போடு: “உங்கள் மெயில் ஐடி இப்படி இருக்கப் போகிறது, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து சரி என்று பதில் போடுங்கள்.” இதற்கு முன்னால் எங்காவது வேலை பார்த்திருந்தால் அவனுடைய 12 இலக்க யுஏஎன் நம்பரையும் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் நம்பர்) அப்போதே கேட்டு எச்ஆரிடம் கொடுத்துவிடு. ஒரு ஆளுக்கு ஒரு யுஏஎன்தான். புதிதாக இன்னொன்று போட்டால் பிஎஃப் பணம் ரெண்டு இடத்தில் நின்றுகொண்டு பின்னால் சேர்க்கச் சொல்லி அலைய வைக்கும்.

ஐடியை அப்புறம் மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பாய். கூகுள் வொர்க்ஸ்பேஸில் மாற்றலாம், பழைய ஐடி அலியாஸாக, அதாவது அதே பெட்டிக்கு இன்னொரு பெயராக, நின்றுவிடும், வருகிற மெயில் எதுவும் தொலையாது. தலைவலி மற்ற ஆப்களில். பழைய ஐடியை வைத்து ஏற்கெனவே உள்ளே போயிருந்த ஆப்களில் பல, புது ஐடியைப் பார்த்ததும் இவன் வேறு ஆள் என்று நினைத்து வெறும் அக்கவுன்ட் ஒன்றைத் திறந்து கொடுக்கும். “என் டாஸ்க் எல்லாம் காணோம்” என்று உன்னிடம் வந்து நிற்பான். ஒவ்வொரு ஆப்பிலும் அட்மினாகப் போய்த்தான் அதைச் சரி செய்ய முடியும்.

இனி வரிசை. எச்ஆர் பதிவு, லைசென்ஸ் (ஆளுக்கு ஒன்று என்று காசு கட்டி வாங்குகிற சீட்), மெயில் ஐடி, குரூப் (யார் எதைப் பார்க்கலாம் என்று பிரித்து வைக்கிற பட்டியல்), முதல் லாகின், ரெண்டாவது பூட்டு (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு, டூ ஸ்டெப் என்பார்கள்), அதற்கப்புறம்தான் மற்ற ஆப்கள். ஆபீஸ் சாட்டான ஸ்லாக்குக்கும், புரோகிராம்களைச் சேமிக்கிற கிட்ஹப்புக்கும் அழைப்பு அந்த மெயிலுக்குத்தான் போகும். மெயில் திறக்காத ஆளுக்கு அழைப்பு அனுப்பி என்ன லாபம்?

லைசென்ஸை நாளைக்கே பார். உங்களுடையது வருஷ ஒப்பந்தமாக இருந்தால், வாங்கிய எண்ணிக்கை தீர்ந்ததும் புது ஆளைச் சேர்க்க விடாது. இன்னொரு சீட் வாங்க கார்டு யார் கையில் இருக்கிறது, அவர் சனிக்கிழமை ஊரில் இருப்பாரா என்பதெல்லாம் சாஃப்ட்வேர் சொல்லாது. மாதாமாதம் கட்டுகிற திட்டமானால் சேர்த்துக்கொள்ளும், பில் மட்டும் ஏறும். மைக்ரோசாஃப்ட் 365 உள்ள ஆபீஸில் ஒன்று கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: யூசரைப் போட்டால் மட்டும் மெயில்பாக்ஸ் வராது, லைசென்ஸ் ஒட்டினால்தான் வரும். யூசேஜ் லொகேஷனில், அதாவது எந்த நாட்டில் பயன்படுத்துகிறார் என்கிற இடத்தில், இந்தியா இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

ஐடியை வெள்ளிக்கிழமையே போட்டுவிடு. அட்மின் கன்சோலில் (நிர்வாகிக்கான கூகுள் பக்கம்) டைரக்டரி, அதற்குள் யூசர்ஸ், ஆட் நியூ யூசர். புது யூசருக்கு எல்லா சேவையும் வந்து சேர 24 மணி நேரம்வரை ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. பெரும்பாலும் சில நிமிஷத்தில் வந்துவிடும், ஆனால் திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அந்தச் சூதாட்டம் வேண்டாம். பாஸ்வேர்டை அதுவே உருவாக்கட்டும். அடுத்த லாகினில் மாற்ற வேண்டும் என்கிற சுவிட்ச் ஆனில் இருக்கட்டும். ஆர்கனைசேஷனல் யூனிட், அதாவது ஆட்களைப் பிரித்து வைக்கிற பிரிவு, என்று கேட்கும் இடத்தை அவசரத்தில் தாண்டிப் போகாதே. டிரைவ் வெளியே பகிரலாமா, ரெண்டாவது பூட்டு கட்டாயமா என்பதெல்லாம் அந்த யூனிட்டிலிருந்துதான் இறங்கும்.

லாகின் விவரத்தை எங்கே அனுப்புகிறாய் என்று பார்த்து அனுப்பு. புது ஆபீஸ் ஐடிக்கே அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு, சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டின கதைதான். அவனுடைய சொந்த மெயிலுக்கு ஐடியை மட்டும் அனுப்பு. தற்காலிக பாஸ்வேர்டை திங்கட்கிழமை நேரில் கொடு.

குரூப் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இரு. “பழைய டெவலப்பருக்கு என்னென்ன இருக்கோ அதையே இவனுக்கும் கொடுத்துடு” என்று மேனேஜர் சொல்வார். தலையாட்டிவிடாதே. பழைய ஆள் நாலு வருஷத்தில் மூன்று ப்ராஜெக்ட் மாறியிருப்பார், போன இடத்து ஆக்சஸ் எல்லாம் கழற்றாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், அக்கவுன்ட்ஸ் ஃபோல்டர்கூட இருக்கலாம். அதை நகலெடுத்தால் நேற்று வந்த பையன் எல்லோர் சம்பளத்தையும் பார்ப்பான். முதல் வாரம் அவன் செய்யப் போகிற வேலை என்ன என்று கேட்டு, அதற்குரிய குரூப்பில் மட்டும் போடு. ஃபைல் ஃபைலாக ஷேர் பண்ணாதே, நாளைக்கு அவன் டீம் மாறினால் எதை எதைக் கழற்றுவது என்று உனக்கே தெரியாது.

திங்கட்கிழமை ஒரு மணி நேரத்தை ஒதுக்கி அவன் பக்கத்தில் உட்கார். கீபோர்டு அவன் கையில் இருக்கட்டும், அவன் பாஸ்வேர்டு அடிக்கும்போது நீ ஜன்னலைப் பார். குரோமில் புது ப்ரொஃபைல் ஒன்றை, வேறு நிறத்தில், திறக்கச் சொல்லி அதில் ஆபீஸ் ஐடியை மட்டும் ஏற்றச் சொல். சொந்த ஜிமெயிலும் ஆபீஸ் மெயிலும் ஒரே ப்ரொஃபைலில் இருந்தால், ஆபீஸ் லிங்க்கை அமுக்கும்போது கூகுள் முதலில் லாகின் ஆன ஐடியில் திறக்கப் பார்க்கும், ‘யூ நீட் ஆக்சஸ்’ என்று ஒரு பக்கம் வரும். ஆக்சஸ் இல்லை என்று புகார் வருவதில் பாதிக்குப் பாதி இந்தக் குழப்பம்தான் என்பது என் கணக்கு. நீ பெர்மிஷனைத் தோண்டுவதற்கு முன்னால், வலது மூலையில் வட்டத்தில் யார் படம் இருக்கிறது என்று கேள்.

பாஸ்வேர்டு மாற்றினதும் கையோடு டூ ஸ்டெப். இதற்கு முன் நீ ஒரு வேலை செய்திருக்க வேண்டும். கன்சோலில் டூ ஸ்டெப்பைக் கட்டாயமாக்கி வைத்திருந்தால், பக்கத்திலேயே புது யூசருக்கான என்ரோல்மென்ட் அவகாசம் என்று ஒன்று இருக்கும், அதை ஒரு வாரம் என்று வை. அவகாசமே இல்லாவிட்டால், இன்னும் பூட்டு வாங்காதவனிடம் சாவி எங்கே என்று கேட்டு வாசலிலேயே நிறுத்திவிடும். அப்படி மாட்டிக்கொண்டால், யூசர் பக்கத்தில் செக்யூரிட்டிக்குப் போய் பேக்கப் கோடு (அவசரத்துக்கான மாற்று எண்கள்) எடுத்து, அதில் ஒன்றைக் கொடுத்து உள்ளே விடலாம்.

ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வருகிறபடி வைக்காதே. ஊரிலிருந்து வருகிற பிள்ளைகள் ரெண்டு சிம் வைத்திருப்பார்கள், ரீசார்ஜ் தீர்ந்தது எந்த சிம் என்று அவர்களுக்கே தெரியாது. போனிலேயே எண்ணை உருவாக்கித் தருகிற ஆத்தென்டிகேட்டர் ஆப்புக்கு சிக்னலும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். லேப்டாப்பில் வருகிற க்யூஆரை போனில் ஸ்கேன் செய்ததும் 30 விநாடிக்கு ஒருமுறை மாறுகிற 6 இலக்க எண் ஓடும். எண்ணைச் சரியாக அடித்தும் தப்பு தப்பு என்று சொன்னால், போனின் கடிகாரத்தைப் பார். அந்த எண் நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது, கடிகாரம் ரெண்டு நிமிஷம் தள்ளி ஓடினால் எண் செல்லாது. செட்டிங்ஸில் ஆட்டோமேட்டிக் நேரத்தை ஆன் செய்தால் தீர்ந்தது.

பேக்கப் கோடு மொத்தம் 10, ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு மட்டும். பிரின்ட் எடுத்து பர்ஸிலோ வீட்டு அலமாரியிலோ வைக்கச் சொல். அதே போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வான், போன் போனால் அதுவும் சேர்ந்து போகும். தீபாவளி ஆஃபரில் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு மறுநாள் லாகின் ஆகாமல் நிற்பது வருஷா வருஷம் நடக்கிற கூத்து. கூகுள் ஆத்தென்டிகேட்டரில் 2023 முதல் கணக்கோடு சிங்க் செய்கிற வசதி இருக்கிறது, ஆனால் அதை ஆன் செய்திருந்தால்தானே.

“என் சொந்த போனில் ஆபீஸ் ஆப் எதற்கு?” என்று அவன் கேட்டால் முறைக்காதே. நியாயமான கேள்வி. யுஎஸ்பியில் செருகுகிற செக்யூரிட்டி கீ ஒன்றை ஆபீஸ் வாங்கித் தரட்டும், அது ஓடிபியைவிடப் பாதுகாப்பானதும்கூட.

மற்ற ஆப்களுக்கு ஒரே விதி சொல்லிவிடு: கூகுள் பட்டன் இருக்கிற இடத்தில் எல்லாம் அதை வைத்தே உள்ளே போ. ஒரு இடத்தில் கூகுள், இன்னொரு இடத்தில் தனி பாஸ்வேர்டு என்று கலந்தால், அவன் வேலையை விட்டுப் போகும்போது மெயிலை மூடினாலும் அந்தத் தனிக் கதவு திறந்தே கிடக்கும். ஸ்லாக் அழைப்பு 30 நாள் தாங்கும். கிட்ஹப் ஆர்கனைசேஷன் அழைப்பு 7 நாளில் காலாவதி. அதனால் கிட்ஹப் அழைப்பை அவன் உட்கார்ந்த பிறகு அனுப்பு. கிட்ஹப்புக்குப் புது அக்கவுன்ட் திறக்க வைக்காதே, அவனுடைய பழையதையே சேர்த்துக்கொள், அதன் செட்டிங்ஸில் ஆபீஸ் மெயிலையும் ஏற்றச் சொல். அவன் லேப்டாப்பில் கிட் கன்ஃபிக்கில் (கிட் என்கிற மென்பொருளின் அமைப்பு) எந்த மெயில் இருக்கிறதோ அது அந்த அக்கவுன்ட்டில் இல்லாவிட்டால், அவன் போடுகிற கமிட் (புரோகிராமில் அவன் செய்து பதிகிற மாற்றம்) அவன் பெயரில் சேராமல் அநாதையாக நிற்கும்.

லேப்டாப்பைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஆனில் இருந்தால் அதற்கு 48 இலக்க ரெக்கவரி கீ ஒன்று உண்டு. அது ஆபீஸ் கணக்கில் பதிவாகியிருக்கிறதா என்று லேப்டாப்பை அவன் கையில் கொடுப்பதற்கு முன் உன் கண்ணால் பார்.

ஜிஎஸ்டி போர்ட்டல், டொமைன் கணக்கு மாதிரி ஒரே லாகினைப் பலர் பயன்படுத்துவதில் இவனை இப்போதைக்குச் சேர்க்காதே. சேர்த்தே ஆக வேண்டும் என்றால் பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைத்துப் பகிர்கிற பாஸ்வேர்டு மேனேஜர் ஆப் வழியாகக் கொடு, வாட்ஸ்அப்பில் டைப் பண்ணாதே. 2022 ஏப்ரல் 28 அன்று வந்த செர்ட்-இன் (மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவுப்படி நிறுவனங்கள் லாகை, அதாவது யார் எப்போது நுழைந்தார் என்பது போன்ற பதிவை, 180 நாள் வைத்திருக்க வேண்டும். நாலு பேர் ஒரே பெயரில் நுழைந்தால் அந்த லாக் இருந்தும் யார் செய்தது என்று சொல்லாது. ஆதார் நகல் வாங்கினால் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாராக வாங்கு, வேலை முடிந்ததும் உன் டவுன்லோட்ஸிலிருந்து அழித்துவிடு.

எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் எழுது: ஆப், எந்த ஐடி, எந்த குரூப், கொடுத்த தேதி, யார் சொல்லிக் கொடுத்தது. அவன் ஒருநாள் கிளம்பும்போது அதே ஷீட்டைக் கீழிருந்து மேலாகக் கழற்ற வேண்டும். அப்போது யூசரை டிலீட் செய்ய அவசரப்படாதே, முதலில் சஸ்பெண்ட், அதாவது அழிக்காமல் முடக்கி வைப்பது. டிலீட் செய்தால் திரும்பக் கொண்டுவர 20 நாள்தான், அதற்குள் அவன் டிரைவில் இருக்கிற ஃபைலை யாருக்காவது மாற்றியிருக்க வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் முதல் நாளிலிருந்து ஷேர்டு டிரைவில் (டீமுக்கான பொது டிரைவ்) வேலை செய்யச் சொல், அதில் இருப்பது ஆபீஸுக்குச் சொந்தம்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, உன் சொந்த ஜிமெயிலிலிருந்து அவனுடைய புது ஐடிக்கு ஒரு மெயில் தட்டு. திரும்பி வராமல் போய்ச் சேர்ந்தால் நிம்மதியாகத் தூங்கு. திரும்பி வந்தால் அந்த மெயிலை எனக்கு ஃபார்வர்டு பண்ணிவிட்டு போன் பண்ணு, ராத்திரி பத்து மணிவரை முழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா