பழவேற்காடு ஏரிக்கரை அறிவியல் பேச்சும் களப்பயிற்சியும்: செயலாளரின் 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மாதாந்திரப் பேச்சுகளில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் பற்றியதற்குத்தான் கூட்டம் நிரம்பி வழிந்தது. நம் கடலோரத்தில் மணல் ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகர்கிறது. சென்னைத் துறைமுகம் வந்தபின் அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டதும் இதனால்தான். நம் முகத்துவாரம் தூர்ந்துபோவதிலும் இந்த மணல் ஓட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகின்றன. வழி அடைபட்டால் வரத்தும் இல்லை, போக்கும் இல்லை.

பேச்சு முடிந்ததும் மீனவப் பெரியவர் ஒருவர் எழுந்து பாடு முறையை விளக்கினார். எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. முகத்துவாரம் அடைத்த காலத்தில் பாடு கைக்கு வந்தும் பயனில்லை என்று அவர் சொன்னபோது கூட்டமே அமைதியாகிவிட்டது. பேச்சாளரைவிட அவரே அதிக நேரம் பேசினார். அதுதான் சரி என்பது என் எண்ணம்.

களப்பயிற்சியில் மாணவர்கள் மாதந்தோறும் படகுத்துறையில் தண்ணீர் எடுத்து, ரிஃப்ராக்டோமீட்டரில் உப்பளவு பார்த்து நோட்டில் குறித்தார்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் கொண்டுவரும் வெள்ளத்தால் ஏரியில் அது வெகுவாக இறங்கிவிடும். ஏரி ஆழமில்லாதது என்பதால் கோடை வெயிலில் மளமளவென்று ஏறும். பாடப்புத்தகத்தில் படித்ததைத் தாங்களே அளந்து பார்த்த பிள்ளைகளின் கேள்விகள் அப்புறம் வேறு மாதிரி இருந்தன. எங்களால் உடனே பதில் சொல்ல முடியாத கேள்விகளும் வந்தன.

பறி என்னும் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் அக்காமார் ஒருநாள் பயிற்சி தந்தார்கள். எந்தப் பருவத்தில் இறால் எங்கே ஒதுங்கும் என்று அவர்கள் சொன்னதையும் அதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

பூநாரை பார்க்கும் காலை வழக்கம்போல் நடந்தது. படம் எடுப்பதற்காகக் கிட்டே போய்ப் பறவைகளை எழுப்பக் கூடாது என்பதில் இனி கண்டிப்பு வேண்டும்.

படகில் யாரையும் ஏற்றவில்லை. 2011 கிறிஸ்துமஸ் நாள் படகு விபத்தை இந்த ஊர் மறக்கவில்லை. அடுத்த ஆண்டும் பயிற்சி கரையோரத்தில் மட்டுமே நடக்கும்.

வரும் ஆண்டில் இன்னொரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கவும், மாதப் பேச்சுகளில் பாதியை மீனவர்களுக்கும் இருளர் பெண்களுக்கும் ஒதுக்கி, பேச வருவோருக்கு அன்றைய கூலியை ஈடுசெய்யவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்